முதலில் தண்ணீர், அப்புறம் இலை: தாவர டி.என்.ஏ. செய்முறை – கேள்வி பதில்

தாவர இலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் செய்முறை வகுப்பை நடத்தும் ஆசிரியர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகள், கல்லூரிகளில் அதிகம் புழங்கும் சி.டி.ஏ.பி. முறையைப் பற்றியவை. சி.டி.ஏ.பி. என்பது செல்லை உடைக்கும் ஒரு சோப்பு வகைப் பொருள். டி.என்.ஏ. வந்ததா என்பதைக் கடைசியில் ஜெல்லில், அதாவது மின்சாரம் பாய்ச்சி டி.என்.ஏ.வை நீள வாரியாகப் பிரிக்கும் கூழ்த் தகட்டில், பட்டையாகப் பார்ப்பார்கள்.

ஒரே இலை, ஒரே பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்), ஒரே செய்முறைத் தாள். ஆனால் வகுப்பில் சிலருக்கு ஜெல்லில் அழகான பட்டை, சிலருக்கு மங்கல், சிலருக்கு ஒன்றுமே இல்லை. எங்கிருந்து சரிசெய்வது?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

இலையை ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். முதல் வகுப்பு தண்ணீரோடு நடக்கட்டும்.

ஒவ்வொரு மாணவரும் பிப்பெட்டால் (சிறு அளவுத் திரவத்தை உறிஞ்சி அளக்கும் கருவி) 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் எடை போட்டுக் குறிக்க வேண்டும். அறை வெப்பத்தில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 99.7 மில்லிகிராம் இருக்கும். இதற்கு 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அது இல்லையென்றால் 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை வைத்து இதையே செய்யலாம். பத்து எண்களும் கையில் வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பத்தும் நெருங்கி இருந்து, சராசரி மட்டும் 94 என்று தள்ளி நின்றால் கோளாறு பிப்பெட்டில். அதை அளவு திருத்தக் கொடுக்க வேண்டும். சராசரி சரியாக இருந்து, எண்கள் 91-க்கும் 108-க்கும் இடையே அலைந்தால் கோளாறு கையில். இந்த வித்தியாசத்தை மாணவர் தன் எண்ணிலேயே பார்த்துவிட்டால் 'கவனமாகச் செய்' என்று நாம் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை.

கையில் வரும் கோளாறுகள் சிலவே. கட்டைவிரலைச் சட்டென்று விட்டால் காற்றும் சேர்ந்து ஏறும். டிப்பை (பிப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் குழல்) ஆழமாக முக்கினால் வெளிச்சுவரில் ஒட்டிய திரவமும் கூடவே வரும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போதும். பிப்பெட்டின் பொத்தானை இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்திக்கொண்டு உறிஞ்சினால் கூடுதலாக வரும். உறிஞ்ச முதல் நிறுத்தம், வெளியேற்ற இரண்டாம் நிறுத்தம். இதைச் சொன்னால் பதியாது, பத்து முறை செய்தால் பதியும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. பல பிப்பெட்டுகளில் மூன்று இலக்கங்களே தெரியும். அதில் '100' என்று வைத்தால் பெரிய பிப்பெட்டில் 1000 மைக்ரோலிட்டர், நடுப் பிப்பெட்டில் 100, சிறியதில் 10. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ். நொதியைப் பத்து மடங்கு கூட்டியும் குறைத்தும் போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிப்பெட்டின் மேல் உச்ச அளவை மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தண்ணீர் தேறிய பிறகு, ஐசோபுரொப்பனாலைக் கொண்டு ஒரு சுற்று. அது டிப்பிலிருந்து சொட்டும். குளோரோஃபார்ம் இன்னும் மோசமாகச் சொட்டும். ஆவி டிப்புக்குள் விரிந்து திரவத்தைத் தள்ளுவதே காரணம். அதே திரவத்தை இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, டிப்பின் உட்புறம் ஆவியால் நிரம்பிய பிறகு எடுத்தால் சொட்டாது.

சி.டி.ஏ.பி. பஃபரை மாணவர்களே தயாரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சக ஆசிரியர்கள் 'வீண் வேலை, நாமே கலந்து கொடுத்துவிடலாம்' என்கிறார்கள்.
– ஆசிரியை, மதுரை

உங்கள் பக்கம்தான் நாங்கள். கலந்து வைத்த புட்டியிலிருந்து ஊற்றிப் பழகியவர், வேலை கெட்டுப்போனால் எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் நிற்பார்.

100 மி.லி.க்கு: சி.டி.ஏ.பி. 2 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம் (இது 1.4 மோலார்), 1 மோலார் டிரிஸ் (பி.எச். 8.0) 10 மி.லி., 0.5 மோலார் இ.டி.டி.ஏ. (பி.எச். 8.0) 4 மி.லி. முதலில் 70 மி.லி. தண்ணீரில் உப்பு, டிரிஸ், இ.டி.டி.ஏ. மூன்றையும் கலந்து, 60 டிகிரிக்குச் சூடாக்கி, அப்புறம் சி.டி.ஏ.பி. தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மெல்லக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை பொங்கி அளவுக் கோடே தெரியாது. அந்தத் தூள் மூக்கில் ஏறினால் எரியும். எடை போடும்போது முகக்கவசம் அவசியம். கடைசியில் 100 மி.லி. வரை நிரப்புங்கள். பி.வி.பி. (ஃபீனால் வகைப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் பாலிமர்) 1 கிராமும், பீட்டா-மெர்காப்டோஎத்தனால் ஒரு மி.லி. பஃபருக்கு 2 மைக்ரோலிட்டர் கணக்கிலும் பயன்படுத்தும் அன்று, அன்றைய தேவைக்கு மட்டும். பின்னது நாறும், நச்சும் கூட; புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும்.

இ.டி.டி.ஏ. கரையவில்லை என்று மாணவர்கள் அரை மணி நேரம் கலக்கிக்கொண்டே நிற்பார்கள். பி.எச். 8-ஐ நெருங்கும் வரை அது கரையாது. 100 மி.லி.க்கு 18.61 கிராம் டைசோடியம் உப்போடு ஏறக்குறைய 2 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்த பிறகே தெளியும். டிரிஸ் கரைசலோ சூட்டுக்கு ஏற்ப மாறும்; ஒரு டிகிரி ஏறினால் பி.எச். 0.03 அளவு இறங்கும். அமிலம் ஊற்றியதும் கரைசல் சுடும். ஆறவிட்டு அளக்காதவரின் டிரிஸ், மறுநாள் வேறு எண்ணைக் காட்டும்.

ஏன் இவ்வளவு உப்பு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சொல்லிக் கொடுங்கள்: சி.டி.ஏ.பி. நேர்மின் சுமை கொண்டது, டி.என்.ஏ. எதிர்மின் சுமை கொண்டது. உப்பு 0.7 மோலாருக்குக் கீழே போனால் இரண்டும் கட்டிக்கொண்டு சேர்ந்தே படிந்துவிடும். அதற்கு மேல் இருந்தால் டி.என்.ஏ. கரைசலில் தங்கும்; புரதமும் பல்சர்க்கரையும் சி.டி.ஏ.பி.யோடு போய்விடும். இலையைக் கழுவிவிட்டு ஈரம் துடைக்காமல் அரைப்பதும், டியூபில் மீந்த தண்ணீரோடு பஃபர் ஊற்றுவதும் இந்த உப்பைத்தான் நீர்க்கச் செய்கின்றன. இன்னொன்று: குளிரூட்டிய அறையில் இரவு முழுவதும் வைத்த பஃபர் அடியில் வெள்ளையாக உறைந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம்; 60 டிகிரியில் வைத்தால் கரையும். இதே காரணத்தால், குளோரோஃபார்ம் படி முடியும் வரை குழாய்களை ஐஸில் வைப்பதும், 4 டிகிரி சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றி அடுக்குகளாகப் பிரிக்கும் மெஷின்) சுற்றுவதும் கூடாது.

எங்கள் ஊரில் திரவ நைட்ரஜன் கிடைப்பதில்லை. வேறு வழி உண்டா?
– முதுநிலை மாணவர், தர்மபுரி

உண்டு. நைட்ரஜன் செய்யும் வேலை இரண்டு: இலையைக் கண்ணாடிபோல நொறுங்க வைக்கும், அரைக்கும்போது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. வெட்டும் நொதிகளை உறைய வைக்கும். இவ்விரண்டையும் வேறு வழியில் செய்யலாம்.

இலையைச் சிலிக்கா ஜெல்லில் காயப்போட்டு, நன்றாக மொறுமொறுப்பானதும் பீங்கான் கல்வத்தில் சிறிது சுத்தமான மணலோடு அரைப்பது ஒரு வழி. நீர் இல்லாத இலையில் நொதி வேலை செய்யாது. நெல், கீரை போன்ற மென்மையான இளம் இலை என்றால், கல்வத்தையே சூடாக்கி, 65 டிகிரிப் பஃபரை ஊற்றி அதிலேயே நேராக அரைக்கலாம். அரைபட்ட கணமே சாறு பஃபரில் விழுவதால் நொதிகளுக்கு நேரம் கிடைக்காது. அவற்றுக்கு வேண்டிய மக்னீசியத்தை இ.டி.டி.ஏ. பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் பறித்த, முழுதும் விரியாத இளம் இலை 100 மில்லிகிராம்; பஃபர் 600 மைக்ரோலிட்டர். கண்ணளவில் போடாமல் எடை போடுங்கள். இலை கூடினால் டி.என்.ஏ. கூடும் என்று 300 மில்லிகிராமைத் திணிப்பவருக்குக் கிடைப்பது பச்சைக் கூழ்தான். பஃபரால் அவ்வளவு சரக்கைச் சமாளிக்க முடியாது.

செய்யவே கூடாதது: பிரீசரில் வைத்த பச்சை இலையை எடுத்து, பேச்சோடு பேச்சாக மேசையில் இளக விட்டு அரைப்பது. பனிக்கட்டி செல்லைக் கிழித்திருக்கும், நொதி விழித்திருக்கும், பஃபர் இன்னும் வந்திருக்காது. ஜெல்லில் பட்டைக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை ஒரு தீற்றல் விழும்.

நைட்ரஜன் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: மைனஸ் 196 டிகிரித் திரவத்தை இறுக்கமாக மூடிய பாத்திரத்தில் வைக்காதீர்கள், வெடிக்கும், காற்றோட்டம் இல்லாத சிறு அறையிலும் வேண்டாம்.

குளோரோஃபார்ம் சேர்த்துச் சுற்றிய பிறகு மூன்று அடுக்கு வருகிறது. மாணவர்கள் நடு அடுக்கையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறார்கள்.
– ஆய்வக உதவியாளர், கோயம்புத்தூர்

அதற்கு முந்தைய படியிலிருந்தே பார்க்க வேண்டும். 65 டிகிரி வாட்டர் பாத்தில் 30 முதல் 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டியூபைக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்த பிறகு, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டே குளோரோஃபார்ம் சேர்க்க வேண்டும். அது கொதிப்பது 61 டிகிரியில். சூட்டோடு ஊற்றி மூடினால் மூடி தெறித்து, முகத்தில் அடிக்கும். கண்ணாடி அணியாமல் இந்தப் படிக்கு யாரையும் விடாதீர்கள்.

குளோரோஃபார்ம் 96 மி.லி., ஐசோஅமைல் ஆல்கஹால் 4 மி.லி. கலந்த கலவையைப் பஃபரின் அளவுக்குச் சமமாக ஊற்றி, ஐந்து நிமிடம் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஐசோஅமைல் நுரையை அடக்கி, அடுக்குகள் தெளிவாகப் பிரிய உதவும். வோர்டெக்ஸ் (டியூபை வேகமாகக் குலுக்கும் கருவி) வேண்டாம், நீண்ட இழைகள் அறுந்துபோகும். பிறகு 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல் 10,000 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுற்றுங்கள். இங்கேயும் ஒரு குழப்பம்: தாளில் ஜி என்று இருக்கும், மெஷினில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இருக்கும். ரோட்டரின் ஆரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆலும் பெருக்கினால் ஜி வரும். 7 செ.மீ. ரோட்டரில் 12,000 ஆர்.பி.எம். என்பது ஏறத்தாழ 11,270 ஜி. கணக்கை ஒருமுறை மாணவரே போட்டு, மெஷின் மூடியில் அட்டவணையாக ஒட்டட்டும்.

இப்போது உறிஞ்சும் கலை. டி.என்.ஏ. இருப்பது மேல் அடுக்கில், நடு அடுக்கு புரதம். மேல் அடுக்கில் 500 மைக்ரோலிட்டர் தெரிந்தால் 400 மட்டும் எடுக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். 200 பிப்பெட்டில் இரண்டு தடவை, டிப்பின் நுனியை மேல்மட்டத்தை ஒட்டியே வைத்து, திரவம் இறங்க இறங்கக் கூடவே இறக்கி. டிப்பின் நுனியைக் கத்தரியால் 2 மில்லிமீட்டர் வெட்டிவிட்டால் இழையும் அறாது. விட்டுவைத்த 100 மைக்ரோலிட்டருக்காக மனம் கேட்காத மாணவர்தான் நடு அடுக்கைக் கலக்குவார். கலங்கிவிட்டால் பதற வேண்டாம்: எடுத்ததைப் புது டியூபுக்கு மாற்றி, மறுபடி சம அளவு குளோரோஃபார்ம் சேர்த்துச் சுற்றினால் போதும். பாலிஸ்டைரின் குழாய்களைக் குளோரோஃபார்ம் கரைத்துவிடும். பாலிபுரொப்பிலீன் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முருங்கை, செம்பருத்தி, வெண்டை இவற்றில் கடைசியில் வருவது வழவழ ஜெல்லிதான். கரையவும் இல்லை, ஜெல் குழியில் இறங்கவும் இல்லை.
– ஆய்வு மாணவி, திருச்சிராப்பள்ளி

நீங்கள் சொன்னவற்றில் கோழைப் பல்சர்க்கரை மண்டிக் கிடக்கும். மா, முந்திரி, புளி என்றால் சிக்கல் வேறு: அங்கே ஃபீனால் வகைப் பொருள்கள் காற்றுப் பட்டுப் பழுப்பாகி டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பா, பழுப்பா என்று முதலில் பாருங்கள். மருந்து இரண்டுக்கும் ஒன்றல்ல.

வழவழப்புக்கு உப்பு. பஃபரில் சோடியம் குளோரைடை 1.4-லிருந்து 2.5 மோலாருக்கு ஏற்றுங்கள் (100 மி.லி.க்கு 14.6 கிராம்). பறிப்பதற்கு முன் செடியை 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வைத்தால் இலையில் சேர்ந்த மாவுச்சத்து குறையும். தொட்டிச் செடி என்றால் இது செலவில்லாத வைத்தியம். இவற்றை விடப் பலன் தருவது, சி.டி.ஏ.பி.க்கு முன் ஒரு சார்பிட்டால் கழுவல்: 0.35 மோலார் சார்பிட்டால், 100 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 8.0), 5 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 1 சதவீதம் பி.வி.பி., சேர்க்கும் அன்று 1 சதவீதம் பீட்டா-மெர்காப்டோஎத்தனால். அரைத்த தூளில் 1 மி.லி. ஊற்றிக் கலக்கி, 5,000 ஜி-யில் 5 நிமிடம் சுற்றி, மேலே நிற்பதைக் கொட்டிவிடுங்கள். உட்கருக்கள் அடியில் தங்கும், கோழை மேலோடு போகும். கொட்டும்போது நூல் இழுக்காத நிலை வரும் வரை திரும்பச் செய்யலாம். செம்பருத்திக்கு ஒருமுறை போதாது.

ஏற்கெனவே ஜெல்லியாக வந்துவிட்டதைக் காப்பாற்றவும் வழி உண்டு. டி.இ. கரைசல் (டிரிஸும் இ.டி.டி.ஏ.வும் கலந்தது) 100 மைக்ரோலிட்டரில் முடிந்த மட்டும் கரைத்து, 5 மோலார் உப்பு 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, 300 மைக்ரோலிட்டர் குளிர்ந்த எத்தனால் ஊற்றுங்கள். அவ்வளவு உப்பில் பல்சர்க்கரை ஆல்கஹாலிலும் கரைந்தே நிற்கும், டி.என்.ஏ. மட்டும் படியும். பின்னர் 70 சதவீத எத்தனாலால் இரண்டு தடவை கழுவி உப்பை நீக்க வேண்டும்.

பழுப்புக்குப் பி.வி.பி.யை 2 சதவீதமாகவும், பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை 1 சதவீதமாகவும் கூட்டுங்கள். துளிர் இலையை மட்டும் எடுங்கள். அரைத்த பின் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். பழுப்பு ஒட்டிய டி.என்.ஏ.வை வெளுக்க வைக்க எந்தக் கழுவலும் உருப்படியாக உதவுவதில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதே லாபம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கத்தை விடச் சொல்லுங்கள்: ஐசோபுரொப்பனால் சேர்த்து இரவெல்லாம் மைனஸ் 20-இல் வைப்பது. 400 மைக்ரோலிட்டருக்கு 270 மைக்ரோலிட்டர் ஐசோபுரொப்பனால், அறை வெப்பத்தில் 10 நிமிடம் போதும். கூடுதல் குளிரும் கூடுதல் நேரமும் அதிகமாகப் படிய வைப்பது உப்பையும் கோழையையும்தான்.

நானோடிராப்பில் (ஒளியால் டி.என்.ஏ.வை அளக்கும் மெஷின்) மைக்ரோலிட்டருக்கு 1,500 நானோகிராம் காட்டுகிறது. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) வேலை செய்யவில்லை. மெஷின் பொய் சொல்கிறதா?
– உதவிப் பேராசிரியர், சென்னை

மெஷின் தன்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்கிறது. அது பார்ப்பது 260 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை, உறிஞ்சுவது டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா, உடைந்த துணுக்கா என்று அதற்குத் தெரியாது. உறிஞ்சல் அளவு 1.0 என்று காட்டினால் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் என்று பெருக்கித் தருவது, எல்லாமே இரட்டை இழை டி.என்.ஏ. என்று வைத்துக்கொண்டு. இளம் இலையில் டி.என்.ஏ.வை விட ஆர்.என்.ஏ. பல மடங்கு அதிகம். ஆர்.என்.ஏஸ். போடாமல் அளந்தால் பெரிய எண் வருவதில் வியப்பில்லை. மி.லி.க்கு 10 மில்லிகிராம் ஆர்.என்.ஏஸ். கரைசலில் 5 மைக்ரோலிட்டரை 500 மைக்ரோலிட்டர் சாற்றில் சேர்த்து, 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள், எண் எவ்வளவு சுருங்குகிறது என்று. இரட்டை இழையோடு மட்டும் ஒளிரும் சாயத்தைக் கொண்டு அளக்கும் க்யூபிட் கையில் இருந்தால் அதன் எண்ணை நம்புங்கள்.

விகிதங்கள் (இரண்டு ஒளி நீளங்களில் வரும் உறிஞ்சல் அளவுகளை வகுத்தது): 260/280 ஏறக்குறைய 1.8 என்றால் நன்று. 1.6-க்குக் கீழே புரதம் அல்லது ஃபீனால் வகை, 2.0-ஐத் தாண்டினால் ஆர்.என்.ஏ. தாவர வேலையில் இதைவிட முக்கியம் 260/230. அது 2-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1-க்குக் கீழே இருந்தால் பல்சர்க்கரை, ஃபீனால், கழுவாமல் விட்ட உப்பு ஏதோ ஒன்று கூடவே வந்திருக்கிறது. வெற்று அளவுக்கு (மாதிரி இல்லாமல் முதலில் எடுக்கும் அளவு) தண்ணீரை வைத்துவிட்டு மாதிரியை டி.இ.யில் கரைத்திருந்தால் 230 பக்கம் தவறாகவே காட்டும். இ.டி.டி.ஏ.வும் அங்கே ஒளியை உறிஞ்சும். எதில் கரைத்தீர்களோ அதையே வெற்றாக வையுங்கள்.

எண் எதுவாக இருந்தாலும் 0.8 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டாமல் பி.சி.ஆருக்குப் போகக் கூடாது. பக்கத்துக் குழியில் லாம்டா டி.என்.ஏ. (பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸினுடையது) போடுங்கள், அது 48,500 கார இணைகள் நீளம், முழு டி.என்.ஏ. அதனருகே நிற்கும். கீழ்ப்பகுதியில் மேகம்போலப் படர்ந்தால் ஆர்.என்.ஏ. குழியிலேயே ஒளிர்ந்து நின்றால் கோழையில் சிக்கியது, அல்லது அளவுக்கு மீறி ஏற்றியது. சாயம் கலந்து ஊற்றும்போதே மாதிரி மிதந்து வெளியேறினால் எத்தனால் முழுதும் உலரவில்லை. எத்தனாலை உலர்த்துவதிலும் அளவு உண்டு: மூடி திறந்து 10–15 நிமிடம். வெள்ளைப் படிவு கண்ணாடிபோலத் தெளிந்து வரும்போது நிறுத்துங்கள். வெப்பத் தட்டில் ஒரு மணி நேரம் வறுத்தெடுத்தால் அப்புறம் கரைவதே இல்லை.

இனி பி.சி.ஆர். மாதிரியை 10 மடங்கும் 50 மடங்கும் நீர்க்கச் செய்து போடுங்கள். நீர்த்தது வேலை செய்து, கெட்டி வேலை செய்யாவிட்டால் குறுக்கே நிற்பது மாசு. அதை உறுதிசெய்ய, நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த டி.என்.ஏ.வோடு உங்கள் மாதிரியில் 1 மைக்ரோலிட்டர் கலந்து ஒரு குழாய் ஓட்டுங்கள். அதுவும் வரவில்லையென்றால் தீர்ப்பு முடிந்தது. வகுப்புக்கு முதல் பிரைமராக (பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஆர்.பி.சி.எல். என்ற பசுங்கணிக மரபணுவுக்கானதை வையுங்கள். ஒரு செல்லில் அதற்குப் பல நகல்கள் இருப்பதால் எளிதில் வரும்; அதுவே வராவிட்டால் பிரைமரைக் குறை சொல்ல இடமில்லை.

பள்ளியில் வாழைப்பழம், பாத்திரம் கழுவும் திரவம், உப்பு, ஸ்பிரிட் வைத்துச் செய்கிறோம். வெள்ளையாகத் திரள்வது எல்லாம் டி.என்.ஏ. தானா?
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

இல்லை. வாழையிலும் பப்பாளியிலும் திரள்வதில் பெரும்பங்கு பெக்டின் என்ற பல்சர்க்கரை. ஆல்கஹாலில் அதுவும் வெள்ளையாகவே திரளும். இது உங்கள் வகுப்பைக் குறைப்பதற்காகச் சொல்வதல்ல. பிள்ளைகள் 'டி.என்.ஏ.வைக் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதும் இடத்தில் ஒரு கேள்விக்குறி போட இது நல்ல வாய்ப்பு.

பச்சைப் பட்டாணியோ வெங்காயமோ எடுங்கள். வெங்காயத்தின் மரபணுத் தொகுதி 1,600 கோடி இணைகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. நெல்லுக்கு 40 கோடி சொச்சம்தான். 50 கிராமை 1 கிராம் உப்பு, 100 மி.லி. ஐஸ் தண்ணீரோடு மிக்ஸியில் 15 வினாடி மட்டும் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடித்ததில் ஆறில் ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவத்தை நுரைக்காமல் கலந்து 10 நிமிடம் விடுங்கள். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிரீசரில் வைத்த 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு, சுவரோடு வழியவிட்டுத் தனி அடுக்காக நிற்கவையுங்கள். கை சுத்திகரிப்பான் இதற்கு உதவாது. அதில் தண்ணீரும் கெட்டியாக்கும் பொருளும் கலந்திருக்கும்.

கண்ணாடிக் கம்பியால் எல்லையில் மெல்லச் சுற்றினால் நூலாகச் சுற்றிக்கொண்டு வருவதில் டி.என்.ஏ. இருக்கிறது. காற்றுக் குமிழோடு கட்டியாக மிதப்பது பெரும்பாலும் பெக்டின். ஆய்வக வசதி இருந்தால், நூலைச் சிறிது உப்புநீரில் கரைத்து டைஃபினைலமீன் கரைசலோடு கொதிநீரில் 10 நிமிடம் வைக்கலாம், டி.என்.ஏ. இருந்தால் நீலம். அந்தக் கரைசலில் அடர் அமிலங்கள் இருப்பதால் அதை ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். வாழையில் திரண்டதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அன்றைய பாடம் பிள்ளைகளுக்கு மறக்காது.

குளோரோஃபார்மே இல்லாமல் இளநிலை வகுப்புக்கு ஏதாவது முறை? மீந்ததை என்ன செய்வது என்பதும் தலைவலி.
– துறைத் தலைவர், சேலம்

டெல்லப்போர்ட்டா குழு 1983-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. அதில் எஸ்.டி.எஸ். (சோப்பு வகைப் பொருள்), பொட்டாசியம் அசிடேட் மட்டுமே. 100 மில்லிகிராம் அரைத்த இலைக்கு 500 மைக்ரோலிட்டர் பஃபர் (100 மில்லிமோலார் டிரிஸ், 50 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., 500 மில்லிமோலார் உப்பு, 10 மில்லிமோலார் பீட்டா-மெர்காப்டோஎத்தனால்), 20 சதவீத எஸ்.டி.எஸ். 33 மைக்ரோலிட்டர், 65 டிகிரியில் 10 நிமிடம். பிறகு 5 மோலார் பொட்டாசியம் அசிடேட் 165 மைக்ரோலிட்டர் சேர்த்து ஐஸில் 20 நிமிடம். பொட்டாசியத்தோடு சேர்ந்த எஸ்.டி.எஸ். கரையாமல் படியும்போது புரதத்தையும் பல்சர்க்கரையில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சுற்றி, தெளிந்ததை எடுத்து ஐசோபுரொப்பனால் சேர்ப்பது வழக்கம்போல. நெல், தக்காளி, கீரைக்கு நன்றாக வரும். முருங்கைக்கு முயல வேண்டாம்.

குளோரோஃபார்ம் மீந்தால் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஹாலஜன் கழிவு என்று எழுதிய தனிக் கண்ணாடிப் புட்டியில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படையுங்கள். அந்தப் புட்டியில் அசிட்டோன் மட்டும் சேரவே கூடாது. காரம் சிறிது இருந்தாலும் இரண்டும் சேர்ந்து வெடிக்கலாம். நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதால், துளி பட்டால் உடனே கழற்றி மாற்றச் சொல்லுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? இப்போது அதிக டி.என்.ஏ. எடுத்தவருக்கு அதிக மதிப்பெண்.
– உதவிப் பேராசிரியை, புதுச்சேரி

அதுதான் 300 மில்லிகிராம் இலையைத் திணிக்க வைக்கிறது. ஒருவருக்கு மூன்று டியூப்: மூன்றிலும் ஒரே தூளிலிருந்து 100 மில்லிகிராம். நான்காவது டியூபில் இலையே இல்லாமல் பஃபர் மட்டும், எல்லாப் படிகளும் உட்பட. மூன்றின் அளவும் எவ்வளவு நெருங்கி இருக்கிறது, நான்காவது ஜெல்லிலும் பி.சி.ஆரிலும் வெறுமையாக இருக்கிறதா, இவ்விரண்டுக்கும் பாதி மதிப்பெண். 8, 9, 8 மைக்ரோகிராம் எடுத்தவர் 30, 6, 17 எடுத்தவரை விட நல்ல கைக்காரர். நான்காவதில் பட்டை வந்தால் டிப்பை மாற்றாமல் அடுத்த டியூபுக்குப் போயிருக்கிறார், அல்லது பஃபர் புட்டிக்குள்ளேயே இலைச் சாறு பட்ட டிப் போயிருக்கிறது.

மீதிப் பாதி குறிப்பேட்டுக்கு. ஆனால் 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' குறிப்பேட்டுக்கு அல்ல. இலையின் உண்மை எடை 100 இல்லாமல் 97 என்றால் 97 என்றே இருக்க வேண்டும்; வாட்டர் பாத் 63 காட்டியிருந்தால் 63.

பருவத்தில் ஒரு வகுப்பை வேண்டுமென்றே கெடுப்பதற்கு ஒதுக்குங்கள். ஒரு குழு இலையை இளகவிட்டு அரை மணி கழித்து அரைக்கட்டும். ஒரு குழு ஆர்.என்.ஏஸை விட்டுவிடட்டும், ஒரு குழு நடு அடுக்கையும் சேர்த்து எடுக்கட்டும், ஒரு குழு எத்தனாலை உலர்த்தாமல் விடட்டும், ஒரு குழு ஒழுங்காகச் செய்யட்டும். எது யாருடையது என்று சொல்லாமல் ஐந்தையும் ஒரே ஜெல்லில் ஓட்டி, விகித எண்களையும் பலகையில் எழுதி, எந்தக் குழிக்கு எந்தத் தவறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நடு அடுக்கைச் சேர்த்தது ஜெல்லில் தெரியாமல் போகலாம், 260/280-தான் காட்டிக்கொடுக்கும்.

மலையில் பறித்த இலை கல்லூரிக்கு வர இரண்டு நாளாகிறது. ஐஸ் பெட்டி போதுமா?
– தாவரவியல் மாணவர், நீலகிரி

ஐஸ் உருகிவிடும், இலை அழுகும். சேஸ், ஹில்ஸ் இருவரும் 1991-இல் பரிந்துரைத்த சிலிக்கா ஜெல்லே கையடக்கமான வழி. இலையைத் துடைத்து, பூச்சி முட்டை, பூஞ்சைப் புள்ளி இல்லாத பகுதியை மட்டும் விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, காகித உறையில் போட்டு, இலை எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்காவோடு ஜிப் பையில் வையுங்கள். ஒரு நாளுக்குள் மடித்தால் உடைய வேண்டும். உடையாவிட்டால் சிலிக்காவை மாற்றுங்கள். நிறம் மாறும் வகையைச் சிறிது கலந்து வைத்தால் ஈரம் ஏறியது பார்த்ததுமே தெரியும். உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும்.